ஏட்டை வரிவரியாக வாசித்தல்: ஆற்றுக் குருடு நோய்க் கண்காணிப்பில் ஒரு மறுபரிசீலனை

ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஆற்றுக் குருடு நோய்க்கு ஐவர்மெக்டின் மாத்திரை வழங்கும் ஊர்த் தொண்டர் கைப்பட எழுதிவைக்கும் குடும்பப் பதிவேட்டை நம்பத்தகாத சாட்சியமென்று ஒதுக்கிவிட்டு, மாதிரிக் கணக்கெடுப்பையும் ரத்தப் பரிசோதனையையும் மட்டுமே பிரமாணமாகக் கொள்ளவேண்டுமென்னும் அபிப்பிராயம் ஆய்வாளர் சிலரிடையே வேரூன்றியிருக்கிறது. மருந்துண்டோர் விகிதம் ஏட்டில் ஒன்றாகவும், வீடுவீடாக விசாரித்தறிந்ததில் வேறாகவும் இருப்பதே அவர்கள் காட்டும் காரணம். அந்த முரண்பாட்டை யாம் மறுக்கவில்லை. அதிலிருந்து அவர்கள் செய்யும் அனுமானத்தையே மறுக்கிறோம். ஏட்டின் பழுதைக்காட்டிலும் அதை வாசிக்கும் முறையின் பழுதே பெரிதென்பது எம் துணிபு.

அந்த ஏட்டின் அமைப்பைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். குடும்பத் தலைவர் முதல் கைக்குழந்தை ஈறாக ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வரியின் வலப்புறத்தில் ஆண்டுக்கு ஒரு கட்டம். தொண்டர் குறியிட்ட கோல் ஒன்றை நிலத்தில் ஊன்றி, ஆளை அதனருகே நிறுத்துகிறார். தலை 90 செ.மீ. குறியை எட்டினால் ஒரு மாத்திரை, 120-ஐ எட்டினால் இரண்டு, 141-இல் மூன்று, 159-இல் நான்கு. தராசில்லாத ஊரில் எடைக்குப் பதிலாக உயரத்தைக் கொண்ட இந்த யுக்தியைவிடச் சிக்கனமானதொன்றை வைத்திய சரித்திரத்தில் காண்பது அரிது. முதற் குறியை எட்டாத குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆகாத தாய்க்கும், கடும் பிணியாளருக்கும் மாத்திரை கிடையாது. அவர்தம் கட்டத்தில் காரணம் குறிக்கப்படுகிறது. ஊரில் இல்லாதவர், வேண்டாமென்று மறுத்தவர் ஆகியோரின் கட்டங்களும் அவ்வாறே.

இங்ஙனம் ஆள்வாரியாக எழுதப்பட்டதை மேலதிகாரிகள் ஆண்டுவாரியாக வாசிக்கிறார்கள். ஓராண்டின் கட்டங்களை மேலிருந்து கீழாகக் கூட்டி, மொத்த ஜனத்தொகையில் 65 சதவிகிதம் தேறிற்றா, நோயை அடியோடு ஒழிப்பதே இலக்காயின் 80 தேறிற்றா என்று பார்க்கிறார்கள். கூட்டுத்தொகை தலைநகருக்குச் செல்கிறது, வரிகள் கிராமத்திலேயே தங்கிவிடுகின்றன. ஐந்தாண்டு தொடர்ந்து 80 சதவிகிதத்தையே காட்டும் இரு கிராமங்களை எண்ணிப் பார்ப்போம். ஒன்றில் விடுபடுவோர் ஆண்டுதோறும் தற்செயலாக மாறுகின்றனர். மற்றொன்றில் அதே ஆட்களே விடுபடுகின்றனர். ஐந்தாண்டிலும் ஒருமுறைகூட மருந்து உட்கொள்ளாதவர் முன்னதில் 10,000 பேருக்கு மூவர். பின்னதில் 2,000 பேர். கூட்டுத்தொகையின் கண்ணுக்கு இவ்விரண்டும் ஒன்றே. ஒவ்வொருவரின் வரியையும் ஆண்டுகளினூடே இடமிருந்து வலமாக வாசித்தால்தான் வேற்றுமை புலப்படும்.

அவ்வேற்றுமை அற்பமானதன்று. ஐவர்மெக்டின், இந்நோய்க்குக் காரணமான புழுவின் தோலில் திரியும் இளம்புழுக்களைக் கொன்று, தாய்ப்புழு ஈனுவதைச் சில மாதம் தடுக்கிறதேயன்றி, 10 முதல் 15 ஆண்டு வாழும் அத்தாய்ப்புழுவைக் கொல்வதில்லை. ஆகவே தொற்றிருந்தும் ஆண்டுதோறும் மருந்து தவறிய ஒருவர், விரைந்தோடும் ஆற்றங்கரையில் கடித்து நோயைப் பரப்பும் சிமுலியம் ஈக்களுக்கு இடையறாது இளம்புழுக்களை வழங்கிக்கொண்டே இருப்பார்.

கமரூன் நாட்டு மஸங்கம் சுகாதார மாவட்டத்தில் 15 ஆண்டு சிகிச்சைக்குப் பின்னும் தொற்று நீடித்ததற்கு ஈக்களின் பெருக்கமே காரணமென்பாருண்டு. செனகல், மாலி நாடுகளின் சில நதியோரங்களில் 15 முதல் 17 ஆண்டுச் சிகிச்சையால் பரவல் நின்றதை அவர்கள் இதனோடு ஒப்பிடுகின்றனர். அவர்கள் கூறும் காரணம் பெரிதும் மெய்யாகவே இருக்கலாம். எனினும் இப்புழுவுக்கு மனிதனையன்றி வேறு புகலிடம் இல்லையாதலால், ஈ எவ்வளவு பெருகினும் அது சுமக்கும் புழு யாரோ ஒருவருடைய தோலிலிருந்தே வந்தாகவேண்டும். அந்த யாரோ ஒருவர் எவர் என்பதே எம் வினா. 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள், இப்புழுவின் தொற்றைக் காட்டும் ஓவி-16 எதிர்ப்பொருளை ரத்தத்தில் உடையோர் 0.1 சதவிகிதத்துக்குக் குறைந்திருக்கவேண்டுமென்னும் உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு நெறிமுறை, பரவல் நின்றதா என்பதைச் சொல்லும். நிற்காவிடில் எவரைத் தேடிச் செல்வதென்று சொல்லாது.

தொண்டர் வீட்டிலமர்ந்து கற்பனையாகக் கட்டங்களை நிரப்பிவிடுவாரென்னும் ஆட்சேபத்தை நெடிது பொருட்படுத்த வேண்டியதில்லை. அண்டை அயலாரைப் பெயர் சொல்லி அறிந்த அவரைச் சந்தேகிக்குமுன் மேலிடத்துக் கூட்டலைச் சந்தேகிப்பதே நியாயம். இனி மற்றோர் ஆட்சேபம்: 2025-இல் நோய் நீங்கிய முதல் ஆப்பிரிக்க நாடாக நைஜர் அங்கீகரிக்கப்பட்டதே, அங்கே யார் வரிவரியாக வாசித்தார் என்று கேட்போருக்கு, அந்நாட்டில் 1976 முதல் 1989 வரை ஆறுகளில் பூச்சிக்கொல்லி தெளித்து ஈயின் இளவுயிரிகளை அழித்திருந்தார்கள் என்பதே போதிய விடை.

கனமான ஆட்சேபம் வேறொன்று உண்டு. மஸங்கத்தில் பின்னர் கவனத்துக்கு வந்த அரை நாடோடி மக்களைப்போல் ஏட்டில் வரியே இல்லாதவரை வரி வாசிப்பு எவ்வாறு காட்டும்? காட்டாதுதான், அவர்தம் முகாம்களுக்குத் தனி ஏடு வேண்டும். ஆயினும் ஊரில் பெயர் இருந்தும் ஆண்டுதோறும் "ஊரில் இல்லை" என்றே குறிக்கப்பட்டவர்களின் வரிகள், அம்முகாம்களுக்கும் மீன்பிடி துறைகளுக்கும் செல்லும் வழியை ஓரளவு காட்டக்கூடும்.

பழைய ஏடு தீர்ந்து புதிய ஏடு தொடங்கும்போது முந்தைய ஆண்டுகளின் கட்டங்கள் கைவிடப்பட்டால் இவ்வரி வாசிப்புக்கு ஆதாரமே இல்லாது போகும். ஆகையால், ஒருமுறைகூட மருந்து உட்கொள்ளாதவரின் பெயர்களைப் புதிய ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதிய பின்னரே பழையதை மூடும்படி, இப்பணியை நடத்தும் சுகாதார அமைச்சகங்களை வேண்டுகிறோம்.