கழிவைக் காசாக்கிய தோட்டத்து ஆலைகள்

தொழிற்சாலையில் கழிவைக் குறைப்பது, எரிசக்தியை மிச்சப்படுத்துவது என்றால் ஜப்பானையும் ஜெர்மனியையும் உதாரணம் காட்டுவது நமக்குப் பழகிவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? தங்கா பத்து, ஆலோர் காஜா, ஜாசின், ஆசகான் என்று நம் மலாக்கா மண்ணில் பால்மரமும் செம்பனையும் வளர்ந்த வரலாற்றிலேயே அந்தப் பாடம் இருக்கிறது.

1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் புக்கிட் ஆசகானிலும் தோட்டம் விரிந்தது. நம் முன்னோர் பால் வெட்டினார்கள். அந்தப் பால் உறைந்து, தகடாகி, புகைக்கூடத்தில் பல நாள் தொங்கியது. அதை உலர்த்த இரவு பகலாக விறகு எரிந்தது. மங்கில் தங்கி உறைந்த கட்டிப்பால் மட்டமான சரக்காகக் குறைந்த விலைக்குப் போனது.

1965-இல் 'மலேசியத் தர ரப்பர்' திட்டம் வந்தது. பார்வைக்கு எப்படி இருக்கிறது என்று பாராமல், அதில் கலந்துள்ள அழுக்கு எவ்வளவு என்று சோதனைக்கூடத்தில் அளந்து தரம் பிரித்தார்கள். கட்டிப்பாலை நொறுக்கி, கழுவி, சூடான காற்றில் சில மணி நேரத்தில் உலர்த்திக் கட்டிகளாக அழுத்தினார்கள். மட்டம் என்று ஒதுக்கிய பொருள் டயர் தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருள் ஆயிற்று. அளந்து பார்த்ததால் வந்த மாற்றம் இது.

மரமும் அப்படித்தான். மறுநடவின்போது வெட்டிய கிழட்டு மரங்கள் விறகாயின. மிஞ்சியவை தோட்டத்திலேயே எரிந்தன. பூச்சி அரிக்காமல் போரான் மருந்தேற்றிப் பதப்படுத்தும் முறை வந்தபின், 1970-களின் பிற்பகுதியிலிருந்து அதே மரம் மேசை நாற்காலியாகிக் கப்பலேறியது. நம் எல்லையை அடுத்த மூவார் பட்டணம் அதனால் பேர் பெற்றது.

ஆறு கேட்ட கணக்கு

செம்பனையின் கதை இதைவிடக் கசப்பானது. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை முதல் 3 டன் வரை கழிவுநீர் வெளியேறும். அது விஷமல்ல; ஆனால் அழுகும்போது ஆற்றுநீரில் உள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். வீட்டுச் சாக்கடையைவிட இதன் வீரியம் சுமார் 100 மடங்கு. ஆலை இதை ஆற்றில் விட்டபோது முதலாளிக்குச் செலவு இல்லை. ஆற்றில் குளித்து, மீன் பிடித்த கம்பத்து மக்களும் தோட்டத்து மக்களும்தான் அந்தச் செலவைக் கொடுத்தார்கள்.

1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான விதிகளும் வந்தன. அதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. ஒரே நாளில் கழுத்தைப் பிடிக்கவில்லை. கழிவுநீர் உறிஞ்சும் பிராணவாயுவின் அளவு லிட்டருக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 1978-இல் தொடங்கி, படிப்படியாக இறக்கி, 1984-இல் 100 என்று நிறுத்தினார்கள். உரிமம் கட்டாயம். கலக்கும் மாசு எவ்வளவோ, அவ்வளவு கட்டணம். நேற்று வரை இலவசமாக இருந்த ஆற்றுக்கு விலைச்சீட்டு ஒட்டினார்கள். எண்ணெய் உற்பத்தி ஏறிக்கொண்டே போன அந்த ஆண்டுகளில் ஆற்றில் கலந்த மாசு வெகுவாக இறங்கியது!

குப்பையே விறகு

எரிசக்தியைப் பாருங்கள். 100 கிலோ செம்பனைக் குலையில் எண்ணெய் சுமார் 20 கிலோதான். காலிக்குலை மட்டும் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். நாரும் ஓடும் தனி. அந்த நாரையும் ஓட்டையும் பாய்லரில் போட்டு, அதே நீராவியால் மின்சாரமும் எடுத்து, பழத்தையும் வேகவைத்தார்கள். காலிக்குலையை முன்பு எரித்துச் சாம்பலை உரமாக்கினார்கள். பிறகு அப்படியே மரத்தடியில் பரப்பி மண்ணின் ஈரம் காத்தார்கள்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. கழிவுநீரைக் குட்டைகளில் தேக்கியதால் ஆறு பிழைத்தது. குட்டையிலிருந்து மீத்தேன் வாயு வானத்துக்குப் போனது. பூமியைச் சூடேற்றுவதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு கொடியது. அடுப்பெரிக்க உதவும் வாயுவும் அதுவே! அதைப் பிடிக்கும் அல்லது உருவாகாமல் தவிர்க்கும் ஏற்பாட்டைப் புதிய ஆலைகளுக்கு 2014-இல்தான் கட்டாயமாக்கினார்கள். ஆற்றைக் காத்த பிறகு காற்றைக் காக்க 30 ஆண்டுகள் பிடித்தன.

இன்று நமக்கு என்ன?

அந்தக் கணக்கு இப்போது எல்லாத் தொழிற்சாலைகளின் வாசலுக்கும் வந்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டப்படி, ஆண்டுக்கு 21,600 கிகாஜூல் - மின்சாரமாகச் சொன்னால் 60 லட்சம் யூனிட் - அளவை எட்டும் நிறுவனம் எரிசக்தி நிர்வாகியை நியமிக்க வேண்டும். தணிக்கையும் செய்ய வேண்டும். இது புதிய வேலை, புதிய படிப்பு. விறகு சுமந்து புகைக்கூடத்தை எரிய வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பதவிக்குப் படிக்கலாமே! பெற்றோர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சிறிய பட்டறை வைத்திருப்பவர்கள் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதம் எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பொருள் குப்பைக்குப் போனது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குங்கள். கட்டிப்பாலுக்கு மதிப்பு வந்ததும், ஆறு பிழைத்ததும் அளந்து பார்த்த பிறகுதான்.