மீன் குழம்பின் பூர்வோத்தரம்

மீன் குழம்பு என்றதும் நம்மவர்களுக்குப் பாட்டியின் நினைவு வந்துவிடுகிறது. மண்சட்டி, அம்மியில் அரைத்த மிளகாய், முதல் நாள் வைத்து மறுநாள் ஊற்றிக்கொள்ளும் அந்த ருசி! "ஆதிகாலந்தொட்டு இப்படித்தான்" என்று அடித்துச் சொல்வோரும் உண்டு. சட்டிக்குள் இருப்பவர்களை ஒவ்வொருவராக அழைத்து ஊரும் பேரும் விசாரித்தால் அல்லவா சங்கதி வெளிப்படும்?

மீனைப் பற்றிச் சந்தேகமில்லை. சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணர்களுக்கு, வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறார் நத்தத்தனார். எயிற்பட்டினத்துக் கடற்கரையில் கள்ளும் சுட்ட குழல் மீனும். வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோற்றுக்கு நண்டுக் கறி. அந்தப் பாணர்கள் கொடுத்துவைத்தவர்கள்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மீன் ஓர் ஊரில் இருக்கிறது; புளி இன்னோர் ஊரில் இருக்கிறது. அந்த வழியில் இரண்டும் ஒரே சட்டியில் சந்திக்கவில்லை.

புளியும் லேசுப்பட்ட ஆசாமியல்ல. 'இந்தியப் பேரீச்சை' என்று அரேபியர் அதற்குப் பெயர் வைத்தார்கள். தாவர நூலாரோ அதன் தாயகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள். எப்போது வந்ததோ, சங்கப் புலவர்கள் பாடும் முன்பே நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

மிளகாயின் கதைதான் வேடிக்கை. 1498-இல் வாஸ்கோட காமா கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கியது மிளகுக்காக. அடுத்த நூற்றாண்டில் அவருடைய நாட்டார் கப்பல்களிலே அமெரிக்கக் கண்டத்துக் காய் ஒன்று இங்கே வந்து சேர்ந்தது. மிளகைப் போலக் காரமாயிருந்த அந்தக் காய்க்கு 'மிளகாய்' என்று பெயர் வந்தது. மிளகைக் கொண்டு போனவர்கள், அதன் உத்தியோகத்தைப் பறிக்க ஒருவனை விட்டுப் போனார்கள்! மிளகு மலைக்கொடியில் காய்ப்பது. சமவெளியில் இருப்பவர்கள் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மிளகாயோ கொல்லையில் நாலு செடி போட்டால் போதும், வெயிலில் காய வைத்து வருஷம் முழுதும் வைத்துக்கொள்ளலாம். ஏழை வீட்டு அடுப்பங்கரை எதைத் தேர்ந்தெடுக்கும்? குழம்பு சிவந்தது அதற்குப் பிறகுதான்.

தக்காளியும் அமெரிக்கச் சரக்கே. மிளகாய்க்கும் பின்னால் வந்தது. அதைச் சேர்க்காமல் புளியும் மாங்காயுமாய் வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் மாங்காய்க் கட்சி. புளிக்கரைசல் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகே மீனைப் போட வேண்டும். போட்டபின் கரண்டிக்கு வேலையில்லை. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

பக்கத்தில் ஏதோ துணைக்கு என்று வைக்கிறோமே வறுத்த மீன், மிளகாய்ப் பொடியை உதறிவிட்டுப் பார்த்தால் அதுதான் இலையில் மூத்தது. எயிற்பட்டினத்துக் குழல் மீனின் வாரிசு.

மிளகும் அடியோடு போய்விடவில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டோடு, மிளகும் பூண்டும் அரைத்து மீன் குழம்பு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த நாட்களில் மிளகாய் பரணில் காத்திருக்க, சட்டியில் கறுப்புக் குழம்பு கொதிக்கிறது.