ஆர்க்ரைட் என்றொரு பெயர்

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களுள் ‘ஸ்மித்’, ‘டெய்லர்’ முதலியன எங்கும் மலிந்து கிடக்க, ‘ஆர்க்ரைட்’ என்னும் பெயரோ வடமேற்கு இங்கிலாந்திலுள்ள லங்காஷயரையும் அதன் அண்டைப் பிரதேசங்களையும் விட்டு அதிகம் அகலாமல், சொற்பமான குடும்பங்களிடையே மட்டும் வழங்கி வந்திருக்கிறது. ‘ரைட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் கைத்தொழிலாளனை, விசேஷமாக மரவேலை செய்பவனைக் குறித்த சொல். வண்டி செய்தவன் கார்ட்ரைட் என்றும், சக்கரம் செய்தவன் வீல்ரைட் என்றும் அழைக்கப்பட்டது போலவே ‘ஆர்க்’ செய்தவன் ஆர்க்ரைட் ஆனான்.

‘ஆர்க்’ என்றவுடன் நோவாவின் பேழையை நினைத்து, இவ்வம்சத்தார் கப்பல் கட்டியவர்கள் போலும் என்று எண்ணிவிடலாகாது. பெட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல்லாகிய ‘ஆர்க்கா’வின் வழிவந்த இச்சொல், வட இங்கிலாந்துக் கிராமங்களில் மாவையும் தானியத்தையும் இட்டு வைக்கும் பெரிய மரப்பெட்டிக்கே பெயராயிருந்தது, ஏறக்குறைய நம் பத்தாயத்தின் உறவினது என்று சொல்லலாம். ஓக் மரத்தை ரம்பத்தால் அறுக்காமல், அதன் நாரோட்டத்தின் வழியே ஆப்பு வைத்துப் பிளந்து பலகையாக்கி, அப்பலகைகளை மரமுளைகளால் பிணைத்து, கூரை போல் சரிந்த மூடியொன்றை அமைத்துத் தருவது அத்தச்சனின் வேலை. அம்மூடியைக் கவிழ்த்து வைத்தால் மாப் பிசையும் தொட்டியாகவும் உதவியது என்பர். குளிர்காலம் முழுவதற்குமான ஆகாரத்தை ஈரமும் எலியும் தீண்டாமல் காத்த சாதனத்தைச் செய்தவனுக்குக் கிராமத்தில் மதிப்பு இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

தகப்பன் பெயராலும், ஊர்ப் பெயராலும், தொழிலாலும் மனிதரை அடையாளங்கண்ட வழக்கம், நார்மானியர் 1066-ல் இங்கிலாந்தைக் கைப்பற்றியதற்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளில் மெல்ல மெல்லப் பரம்பரைப் பெயராக இறுகிற்று. 1377, 1379, 1381 ஆகிய வருஷங்களில் விதிக்கப்பட்ட தலைவரியின் ஏடுகளில், தொழிலின் பெயரும் குடும்பத்தின் பெயரும் இன்னும் முற்றும் பிரியாத நிலையை ஆங்காங்கே காணலாம். பிரிந்த பின்னரோ மகன் எத்தொழிலை மேற்கொண்டாலும் மூதாதையின் தொழில் அவன் பெயரில் ஒட்டிக்கொண்டே வந்தது.

இவ்விசித்திரத்துக்கு 1732-ல் பிரஸ்டன் நகரில் பிறந்த ரிச்சர்டு ஆர்க்ரைட்டைவிடச் சிறந்த சான்று வேறில்லை. பெயரோ பெட்டித் தச்சனுடையது. தந்தையின் தொழிலோ தையல். தாம் பழகியதோ க்ஷவரத் தொழில். போல்ட்டன் நகரில் முகம் மழித்தும், தலைமயிர் வாங்கிப் பொய்முடி செய்து விற்றும் வந்த அவர், கடிகாரத் தொழிலாளியான ஜான் கே என்பவரின் துணைகொண்டு நூற்பு இயந்திரமொன்றை உருவாக்கி 1769-ல் அதற்கு உரிமை பெற்று, 1771-ல் டெர்பிஷயரிலுள்ள குரோம்ஃபோர்டில் நீரோட்டத்தால் இயங்கும் பருத்தி ஆலையை நிறுவலானார். பிறர் யுக்தியைத் தமதாக்கிக்கொண்டார் என்ற அபவாதம் அவரை விடாமல் தொடர்ந்தது. 1785-ல் நியாயஸ்தலம் அவருடைய உரிமைகளை ரத்தும் செய்தது. ஆயினும் மறு வருஷமே ‘ஸர்’ பட்டம் வந்து சேர்ந்தது. 1792-ல் அவர் இறந்தபின் ஆலைகளை நடத்திய அவர் மகன், 1843-ல் காலமானபோது, பிரபு வம்சத்தைச் சேராதவர்களுள் இங்கிலாந்திலேயே பெரிய தனவந்தர் என்று பேசப்பட்டார்.