நோக்கியா 5800: தொடுதிரைக் காலத் தொடக்கத்தின் கைப்பேசி – நிறைகளும் குறைகளும்

இன்று கைப்பேசி என்றாலே தொடுதிரைதான். ஆனால், 2008-ஆம் ஆண்டு வரை நம்மவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்தவை பொத்தான் கைப்பேசிகளே. அந்தப் பழக்கத்தை மாற்றத் தொடங்கிய கருவிகளில் ஒன்று நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக். பல வீடுகளில் அலமாரியின் மூலையிலோ பழைய பிஸ்கட் டின்னிலோ இது இன்னும் கிடக்கலாம். அதன் நிறை குறைகளையும், அதில் சிக்கியிருக்கும் படங்களையும் எண்களையும் மீட்கும் வழியையும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

பின்னணி

ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஐபோன் 2007 ஜூன் 29-ஆம் நாள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விரலால் தள்ளினால் நகரும் திரை, இரு விரல்களால் விரித்தால் பெரிதாகும் படம் என அது உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. அப்போது கைப்பேசிச் சந்தையில் முதலிடத்தில் இருந்த பின்லாந்தின் நோக்கியா, தன் பதிலை 2008 அக்டோபர் 2-ஆம் நாள் அறிவித்தது. அதுதான் 5800.

தொடுதிரை நோக்கியாவுக்குப் புதிதல்ல. 2004-இலேயே 7710 என்ற தொடுதிரைக் கருவியை அது அறிவித்திருந்தது. ஆயினும், பெரிதும் பயன்பாட்டில் இருந்த எஸ்60 சிம்பியன் மென்பொருளைத் தொடுதிரைக்கு ஏற்ப மாற்றி வெளியிட்ட முதல் நோக்கியா கைப்பேசி 5800 ஆகும். வரியும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சலுகையும் சேராமல் 279 யூரோ என விலை அறிவிக்கப்பட்டது. தொடுதிரை என்றால் வசதி படைத்தவர்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தை மாற்றும் விலை அது. 2009 ஜனவரியிலேயே 10 லட்சம் கருவிகளை அனுப்பிவிட்டதாக நோக்கியா தெரிவித்தது.

அமைப்பு

எடை 109 கிராம், தடிமன் 15.5 மில்லிமீட்டர். திரை 3.2 அங்குலம், 640 x 360 படப்புள்ளிகள். தானாகக் குவியும் 3.2 மெகாபிக்சல் கேமரா, கார்ல் சைஸ் வில்லை, இரட்டை எல்இடி விளக்கு, காணொளி அழைப்புக்கு முன்பக்கச் சிறு கேமரா ஆகியவை இருந்தன. 3ஜி, வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ், பண்பலை வானொலி, 3.5 மில்லிமீட்டர் செவிப்பொறித் துளை எல்லாம் உண்டு. உள்நினைவகம் சுமார் 81 எம்பி மட்டுமே. ஆனால் 8 ஜிபி மெமரி கார்டு பெட்டியிலேயே வந்தது. மின்கலம் பிஎல்-5ஜே வகை, 1320 மில்லி ஆம்பியர் மணி. கருவிக்குள் செருகி வைக்கும் எழுதுகோலும் உண்டு.

நிறைகள்

முதலாவது, திரையின் தெளிவு. அன்றைய ஐபோன் திரையில் 480 x 320 படப்புள்ளிகள்தாம். 5800-இன் திரை அளவில் சிறியதாயினும் அதில் படப்புள்ளிகள் அதிகம். படம் பார்க்க ஏற்ற அகலத் திரை என்பதால், பேருந்திலும் ரயிலிலும் மெமரி கார்டில் ஏற்றிய பாடல் காட்சிகளைப் பார்ப்பதற்கு வசதியாக இருந்தது.

இரண்டாவது, இசை. பக்கவாட்டில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்ததால் சத்தம் கணீரென்று வரும். கடையில் வாங்கும் எந்த செவிப்பொறியையும் செருகலாம். நோக்கியாவுக்கென்று தனி வகை தேட வேண்டியதில்லை. வானொலிக்கு இணையக் கட்டணமும் இல்லை. செவிப்பொறிக் கம்பியே வானொலிக்கு ஏரியல் ஆவதால், அதைச் செருகினால் மின்னல் பண்பலையும் அன்றைய டிஎச்ஆர் ராகாவும் சிங்கப்பூரில் ஒலி 96.8-உம் கேட்க முடிந்தது.

மூன்றாவது, எந்தக் கைக்கும் பணிந்த திரை. இது ரெசிஸ்டிவ் எனப்படும் அழுத்தத் திரை. மேலே வளையும் நெகிழி ஏடு, கீழே மற்றோர் அடுக்கு, நடுவில் மெல்லிய இடைவெளி. அழுத்தும் இடத்தில் இரண்டு அடுக்குகளும் தொட்டுக்கொள்ள, கருவி அந்த இடத்தை அறிந்துகொள்ளும். அழுத்துவது விரலா, நகமா, எழுதுகோலா என்பது அதற்கு முக்கியமன்று. ஐபோன் போன்ற கண்ணாடித் திரைகளோ விரலின் மின்தன்மையை உணர்ந்து செயல்படுபவை. சாதாரணக் கையுறை போட்டால் அவை அசையா. செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கையுறையோடு வேலை செய்பவருக்கும், காய்ப்பேறிய விரல் கொண்டவருக்கும் இந்த அழுத்தத் திரை உண்மையிலேயே உதவியது.

நான்காவது, முதியவர்களுக்கான வசதி. முகப்புத் திரையில் அடிக்கடி அழைப்பவர் நால்வரின் படங்களை வைத்துக்கொள்ளலாம். எண் தெரியாவிட்டாலும், பெயரை வாசிக்க முடியாவிட்டாலும், மகனின் படத்தைத் தொட்டு அழைக்கும் பக்கத்துக்குப் போய்விடலாம்.

ஐந்தாவது, அன்றைய ஐபோனில் இல்லாத பலவும் இதில் இருந்தன. ஐபோன் 3ஜியில் காணொளி பதிவு செய்யும் வசதி கிடையாது, 5800-இல் உண்டு. ஐபோனில் படச் செய்தி அனுப்புவதும், எழுத்தை நகலெடுத்து ஒட்டுவதும் 2009 நடுப்பகுதியில்தான் வந்தன. 5800-இல் தொடக்கத்திலேயே இருந்தன. மின்கலத்தை வீட்டிலேயே கழற்றி மாற்றலாம். மெமரி கார்டும் போடலாம். 2010 ஜனவரியில் நோக்கியா தன் வழிகாட்டும் வரைபடச் சேவையை இலவசமாக்கியபோது, அந்தச் சலுகை கிடைத்த கருவிகளில் 5800-உம் ஒன்று. வரைபடத்தை முன்னதாகவே கருவியில் ஏற்றிவிட்டால், இணையம் கிடைக்காத தோட்டப்புறச் சாலையிலும் அது வழி சொல்லும்.

குறைகள்

பெருங்குறை மென்பொருள்தான். பொத்தான்களுக்காக உருவான சிம்பியனுக்குத் தொடுதிரைச் சட்டை போட்டது போல் அது இருந்தது. முதன்மைப் பட்டியலில் ஒரு முறை தொட்டால் திறக்கும். வேறு பட்டியல்களில் முதல் தொடுதல் தேர்வு செய்யும், இரண்டாம் தொடுதல்தான் திறக்கும். எங்கே ஒன்று, எங்கே இரண்டு என்பது புதியவருக்குப் பிடிபடாது. விரலால் தள்ளி உருட்டும் வசதியும் முதலில் எல்லா இடத்திலும் இல்லை; ஓரத்தில் உள்ள மெல்லிய பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். பின்னர் வந்த மென்பொருள் புதுப்பிப்புகளில் இது ஓரளவு சீரானது.

அழுத்தத் திரைக்கும் மறுபக்கம் உண்டு. லேசாகத் தடவினால் கேட்காது, அழுத்த வேண்டும். இரண்டு விரல் அசைவு அதற்குப் புரியாது. மேலேடு நெகிழி என்பதால் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டால் கீறல் நிச்சயம். நல்ல வெயிலில் திரை மங்கலாகவே தெரியும்.

சின்னச் சின்ன எரிச்சல்களும் இருந்தன. சிம் கார்டைப் பக்கவாட்டில் எளிதாகச் செருகிவிடலாம். எடுப்பதற்கோ பின்மூடியையும் மின்கலத்தையும் கழற்றி, எழுதுகோல் முனையால் தள்ள வேண்டும். மைக்ரோ யூஎஸ்பி துளை இருந்தும் அதன்வழி மின்னேற்ற முடியாது. நோக்கியாவின் மெல்லிய ஊசி முனை சார்ஜர்தான் வேண்டும். உள்நினைவகம் குறைவு என்பதால், செயலிகளை அதிலேயே ஏற்றியவர்களின் கருவிகள் விரைவில் திணறின.

தொடக்கக் காலத் தயாரிப்புகளில் காதருகே உள்ள ஒலிப்பான் செயலிழக்கும் சிக்கலும் இருந்தது. அழைப்பு வரும், எதிர்முனைக் குரல் கேட்காது. இதை ஒப்புக்கொண்ட நோக்கியா, பின்னர் அந்தப் பாகத்தை மாற்றியது. இரண்டாம் கையாக வாங்கியவர்கள் சிலருக்கு ஒலிபெருக்கியில் மட்டும் பேச நேர்ந்ததற்கு இது காரணமாக இருந்திருக்கலாம்.

சிக்னல் பலவீனமான இடங்களில் 3ஜியைத் தேடித் தேடியே மின்கலம் இறங்கும். அமைப்பில் இணைப்பு முறையை ஜிஎஸ்எம் என மாற்றினால் நிலைமை வெகுவாக மேம்படும். எனினும், அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு.

தமிழும் தொடுதிரையும்

தமிழ்ப் பயனருக்கு இன்னொரு கேள்வி இருந்தது: திரை பெரிதாகிவிட்டது, அதில் தமிழ் தெரியுமா? கைப்பேசியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்களே தெரியும். எழுத்துருவை ஏற்றினால் மட்டும் போதாது. தமிழில் ‘கொ’ என்று காட்ட, கொம்பு முன்னும் கால் பின்னுமாக வந்து நிற்க வேண்டும். இந்த ஒழுங்கைச் செய்யும் நிரல் கருவிக்குள் இல்லாவிட்டால் எழுத்துகள் இடம் மாறி நிற்கும்.

இதற்குப் பலர் கண்டுகொண்ட வழி ஓப்பரா மினி உலாவி. அதன் மறைவான அமைப்புப் பக்கத்தில், சிக்கலான எழுத்துகளைப் படமாகப் பெறும் தேர்வு ஒன்று இருந்தது. அதை இயக்கினால் தமிழ்ப் பக்கங்கள் சேவையகத்திலேயே படமாக்கப்பட்டுக் கைப்பேசிக்கு வரும். தமிழ் நாளிதழ்களைக் கைப்பேசியில் முதன்முதலாக இந்த வழியில் படித்தவர்கள் ஏராளம்.

தமிழில் எழுதுவதற்கான முயற்சி அதற்கும் முன்பே நம் வட்டாரத்தில் தொடங்கிவிட்டது. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005-இல் சிங்கப்பூரில் அறிமுகமானது. பொத்தான் கைப்பேசிகளில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்த செயலி அது. பெரிய நிறுவனங்கள் தமிழைக் கருவிக்குள்ளேயே சேர்க்கும் முன்னர், நம்மவர் ஒருவரின் உழைப்பு அந்த இடைவெளியை நிரப்பியது என்பது குறிப்பிடத்தக்கது.

இன்று பயன்படுமா?

5800-க்கு 4ஜி தெரியாது. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. அதன்பின் இந்தக் கருவிக்கு எஞ்சியது 2ஜி அழைப்பும் குறுஞ்செய்தியும்தான். சிங்கப்பூரில் 2ஜி 2017-இலும் 3ஜி 2024-இலும் முடிவுக்கு வந்தன. அங்கே இதில் பேசவே முடியாது. சிம்பியன் கைப்பேசிகளுக்கான வாட்ஸ்அப் 2017 ஜூன் 30-உடன் நின்றுவிட்டது. பழைய பாதுகாப்பு முறையைக் கொண்டிருப்பதால் இன்றைய இணையத் தளங்கள் பலவும் இதில் திறக்கா. ஆகவே, வங்கிக் கணக்கு, கடவுச்சொல் போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது.

ஆனால், உள்ளே இருப்பவை வேறு கதை. இடிக்கப்பட்ட லயத்து வீடு, மூடப்பட்ட தோட்டத் தமிழ்ப்பள்ளி, மறைந்த தாத்தா பாட்டியின் முகம், கோயில் திருவிழா எனப் பல குடும்பங்களின் ஒரே பதிவு இத்தகைய கருவியில் இருக்கலாம். குப்பையில் போடுவதற்கு முன் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்ப்பது நல்லது.

1. மின்கலம் உப்பியிருந்தால் மின்னேற்றவே வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. அதே பிஎல்-5ஜே வகை, பின்னாளில் வந்த நோக்கியா லூமியா 520-இலும் பயன்பட்டது. எனவே பழுது பார்க்கும் கடைகளில் மாற்று மின்கலம் கேட்டுப் பார்க்கலாம்.

2. முதலில் மெமரி கார்டைத் தனியே எடுத்து, கார்டு ரீடர் வழியாகக் கணினியில் போட்டுப் பாருங்கள். படங்களும் காணொளிகளும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். கணினி ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள், எல்லாம் அழிந்துவிடும்.

3. கார்டில் இல்லையென்றால் கருவியின் உள்நினைவகத்தில் இருக்கலாம். கருவி இயங்கினால், படத்தொகுப்பில் அவற்றைத் தேர்வு செய்து புளூடூத் வழி ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கோ கணினிக்கோ அனுப்பலாம். ஐபோன் இவ்வாறு புளூடூத்தில் வரும் கோப்புகளை ஏற்காது.

4. தொடர்பு எண்களையும் புளூடூத்தில் அனுப்பலாம். சிம் கார்டுக்கு நகலெடுத்தால் ஒரு பெயருக்குப் பல எண்கள், முகவரி போன்ற விவரங்கள் விடுபட்டுப் போகும்.

5. குறுஞ்செய்திகளை வெளியே எடுப்பது கடினம். முக்கியமானவற்றைத் திரையில் திறந்து வைத்து, புதிய கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்வதே எளிய வழி.

6. எடுத்தவற்றை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடங்களில் சேமியுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதை, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது நலம்.

நோக்கியா 5800 ஐபோனை வீழ்த்தவில்லை. 2011 பிப்ரவரியில் நோக்கியா மைக்ரோசாஃப்டுடன் கைகோத்தபோதே சிம்பியனின் முடிவு தெரிந்துவிட்டது. 2014 ஏப்ரலில் அதன் கைப்பேசிப் பிரிவே மைக்ரோசாஃப்டின் கைக்குப் போனது. உறுப்புகளில் குறை வைக்காத ஒரு கருவி, பயன்படுத்தும் முறையில் சறுக்கியதற்கு 5800 நல்ல எடுத்துக்காட்டு. அதே வேளையில், கழற்றும் மின்கலம், மெமரி கார்டு, கையுறைக்கும் பணியும் திரை என அது தந்த வசதிகள் பலவற்றை இன்றைய விலையுயர்ந்த கருவிகளிலும் காண்பது அரிது. புதிய கைப்பேசி வாங்கப் போகிறவர்கள் கேமராவின் மெகாபிக்சலை மட்டும் பார்க்காமல், தங்கள் வேலைக்கும் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைக்கும் கண்ணுக்கும் அது பொருந்துமா என்பதையும் பார்த்து வாங்கலாம்.