பெயர்ப் பலகையில் தமிழ்

கடைப் பெயர்ப் பலகையில் எம்மொழி இருக்கலாம் என்ற கேள்வி கோலாலம்பூருக்குப் புதிதல்ல.

1957-இல் நடப்புக்கு வந்த அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழியாக்கியது. அதே பிரிவு, அதிகாரப்பூர்வ அலுவல்கள் நீங்கலாக, பிற மொழிகளைப் பயன்படுத்தவோ கற்கவோ கற்பிக்கவோ எவரையும் தடுக்கலாகாது என்றும் கூறுகிறது.

1974 பிப்ரவரி முதல் தேதி தலைநகர் கூட்டரசுப் பிரதேசமானது. 1982-இல் அதற்கென விளம்பரத் துணைச் சட்டங்கள் வகுக்கப்பட்டன. உரிமம் இன்றிப் பலகை வைக்கக் கூடாது. தேசிய மொழி கட்டாயம் இடம்பெற வேண்டும். பிற மொழி சேர்ந்தால், அதைவிடத் தேசிய மொழியே எடுப்பாகத் தெரிய வேண்டும். இவையே அவற்றின் சாரம்.

நெடுங்காலம் பலர் இதனைப் பெரிதாக எண்ணவில்லை. 2024 நவம்பரில் மாநகர் மன்றம் விதிமீறிய கடைகள் மீது நடவடிக்கை எடுத்தபோதுதான் நாடெங்கும் விவாதம் மூண்டது.

ஆக, சட்டம் தமிழை விலக்கவில்லை. அதற்குரிய இடத்தையே வரையறுக்கிறது. 2010-இல் லிட்டில் இந்தியாவாகத் திறக்கப்பட்ட பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் வேறு வட்டாரம் ஆனாலும் விதி ஒன்றே. அபராதத்துக்கு அஞ்சி வணிகர்கள் தாங்களே தமிழை எடுத்துவிட்டால், சட்டம் செய்யாத இழப்பை நாமே செய்துகொண்டவர்கள் ஆவோம். மலாய் பெரிதாக இருக்கட்டும். அதன் கீழே தமிழும் பிழையின்றி இருக்கட்டும்.