வளரிளம் பருவ இனப்பெருக்க நலமும் குறுஞ்செய்தி நினைவூட்டலும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை

பரிசோதனைக்கு வர வேண்டிய நாள், மாத்திரை போட வேண்டிய வேளை, அடுத்த ஊசிக்கான தேதி ஆகியவற்றை 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குக் கைப்பேசிச் செய்தியாக நினைவூட்டும் முறை இது. செலவு குறைவு, இணையமும் தேவையில்லை. பட்டன் போனே போதும்.

பலன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. நியூயார்க்கில் 25 வயதுக்குக் குறைந்த பெண்களிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், தினமும் செய்தி பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் ஆறு மாதம் கழித்தும் கருத்தடை மாத்திரையைத் தொடர்ந்தனர்; பெறாதவர்களில் 54 விழுக்காட்டினர். அதற்கு இரண்டாண்டு முன்பு வெளியான, பாஸ்டனில் நடந்த சிறிய ஆய்வில், மாத்திரையைத் தவறவிடுவதில் வேறுபாடு தெரியவில்லை. கானாவின் அக்ரா நகர மாணவிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: வெறுமனே தகவல் சொன்ன செய்தியைவிட, கேள்வி கேட்டுப் பதில் வாங்கிய செய்தியே மனத்தில் அதிகம் நின்றது.

தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. 15–19 வயதினரில் 6.3 விழுக்காட்டினர் ஏற்கெனவே தாயாகியோ கருவுற்றோ இருந்தனர். இவர்களைத் தேடிச் செல்ல மாநிலத்தில் கிராம சுகாதார செவிலியரும், கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி இணையதளமும் உண்டு. ஊரில் 'பிக்மி நம்பர்' என்று சொல்லும் 12 இலக்க எண் பதிவானதும் எஸ்.எம்.எஸ்.ஸாக வரும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ்வரை அது கூடவே வரும். வளரிளம் பருவத்தினருக்கென 2014 ஜனவரி 7இல் மத்திய அரசு தனித் திட்டம் தொடங்கியது. பள்ளிகளில் வியாழக்கிழமை தரும் இரும்புச்சத்து மாத்திரை பலருக்கு அதன் அறிமுகம்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் மேற்கே உள்ள கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். வெள்ளிமலை வட்டத் தலைமையிடம். அங்கிருந்து மாவட்டத் தலைநகருக்குக் கச்சிராயபாளையம் வழியாக இறங்க வேண்டும். கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் இங்கே ஏராளம். வீட்டுக்கு ஒரே போன் என்றால், அது அப்பாவின் சட்டைப் பையில் குடகில் இருக்கும். ஊசிக்குரிய பெண் பாட்டியுடன் மலையில் இருப்பாள். உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிப்பவளின் கையிலும் போன் இராது.

மொழியிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஆங்கிலக் குறுஞ்செய்தி 160 எழுத்துகளைத் தாங்கும். தமிழுக்கு 70தான், அதிலும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனியாகக் கணக்காகும். 'மு' இரண்டு, 'க்' இரண்டு. "நாளை காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவும்" என்று எழுதினாலே 44 இடங்கள் போய்விடும். எதற்காக வர வேண்டும் என்பதை மீதி 26இல் சொல்ல வேண்டும்.

அந்த 'எதற்காக' என்பதைச் சொல்லாமல் விடுவதே பல நேரம் நல்லது. கருத்தடை, கர்ப்பம் என்ற ஒரு சொல் அண்ணன் கண்ணில் பட்டால் அந்தப் பெண்ணின் படிப்பே நின்றுபோகலாம். "செவிலியரைப் பார்க்கவும்" என்ற இரண்டு சொல் யார் படித்தாலும் அவளைக் காட்டிக்கொடுக்காது.

சட்டத்தின் நிழலும் இதன்மேல் விழுகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத கர்ப்பிணியைப் பற்றிக் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். அதற்கு அஞ்சிப் பதிவே செய்யாமல் மறைந்திருக்கும் சிறுமிக்கு எந்த நினைவூட்டலும் போவதில்லை. பட்டியலில் எண் இருந்தால்தானே செய்தி போகும்? கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29இல் தீர்ப்பளித்தது. இந்தச் செய்தி மலைக்கு ஏறியாக வேண்டும்.

ஆகவே இம்மலையில் நினைவூட்டல் முதலில் போய்ச் சேர வேண்டிய கைப்பேசி செவிலியருடையது. இந்த வாரம் யாருக்கு ஊசி, யாருக்குப் பரிசோதனை என்ற பட்டியல் அவரிடம் இருந்தால், சிக்னல் இல்லாத ஊருக்கும் அவர் நடந்துபோய்ச் சொல்லிவிடுவார். அந்தப் பெண் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு அங்கேயே பதிலும் கிடைக்கும்.