ஊமையாக்கப்பட்ட ஜந்து

ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் என்றாலே வசூலுக்காக ஒட்டப்பட்ட வால் என்ற எண்ணம் வெகுநாள் எனக்கு இருந்தது. ஜேம்ஸ் வேல் 1931-ல் எடுத்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தைக் கொண்டாடிவிட்டு, 1935-ல் அவரே எடுத்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தை ஒதுக்கி வந்தேன். காரணம், அதில் ஜந்து பேசுகிறது. ஜந்துவாக நடித்த போரிஸ் கார்லாஃபுக்கே இது பிடிக்கவில்லை என்பது எனக்குச் சௌகரியமான சாட்சியாக இருந்தது. மௌனத்தின் கம்பீரம் நாலு குழறல் வார்த்தைகளில் கரைந்துவிட்டதாக நினைத்தேன். சமீபத்தில் மறுபடியும் பார்த்தபோதுதான் தெரிந்தது: நான் தவறியது ரசனையில் மட்டுமல்ல, சரித்திரத்திலும்.

மேரி ஷெல்லியின் நாவலில் (1818) ஜந்து ஊமையல்ல. ஒரு குடிசையை ஒட்டி ஒளிந்துகொண்டு, உள்ளே பேசுவதைக் கேட்டுக் கேட்டே மொழி கற்கிறது. மில்டனைப் படிக்கிறது. தன்னைப் படைத்தவனை நிறுத்தி வைத்து நியாயம் கேட்கிறது. அதன் வாயை அடைத்தது நாடக மேடை. 1823-ல் லண்டனில் அரங்கேறிய முதல் நாடகத்திலேயே அதற்குப் பேச்சு இல்லை; நடிகர் பட்டியலில் அதன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. பெயரில்லாததை அப்படிக் காட்டிய விதம் மேரிக்கும் பிடித்திருந்தது. 1931 படத்தின் தொடக்க எழுத்துக்களில் கோடு கேள்விக்குறியாயிற்று, ஊமைத்தனம் நீடித்தது. மூலம் என்று நான் போற்றி வந்தது நூறாண்டுப் பழசான ஒரு வெட்டைத்தான்.

இரண்டாம் படத்தில், வயலின் வாசிக்கும் குருட்டுத் துறவி ஒருவர் ஜந்துவுக்கு ரொட்டி, நண்பன், நல்லது என்று ஒவ்வொரு சொல்லாகக் கற்றுத் தருகிறார். தனிமை கெட்டது என்றும் சொல்லித் தருகிறார். அதற்கு முன்பும் அது தனியாகத்தான் இருந்தது. ஆனால் சொல் கிடைத்த பிறகே தனக்கு ஒரு துணை வேண்டும் என்று அதனால் கேட்க முடிகிறது.

அந்தத் துணைக்கோ ஒரு சொல்லும் இல்லை. கடைசிச் சில நிமிஷங்களே வருகிறாள், அலறுகிறாள், சீறுகிறாள். நடித்தவர் எல்ஸா லான்செஸ்டர். படத் தொடக்கத்தில் பைரனுக்கும் ஷெல்லிக்கும் கதையைத் தொடர்ந்து சொல்லும் மேரியும் அவரேதான். மேரி வேஷத்துக்கு அவர் பெயரைப் போட்டார்கள். துணை வேஷத்துக்கு மறுபடியும் கேள்விக்குறி. நாவலின் முதல் பதிப்பிலும் ஆசிரியை பெயர் கிடையாது. ஆனால் நாவலில் உயிர் பெறுமுன்பே சிதைக்கப்பட்டவளை வேல் பிறக்க விட்டார். ஜந்துவைக் கண்டு அவள் அலறுவது, தன்னைக் கேட்காமல் செய்த ஏற்பாட்டுக்கு அவள் சொல்லும் மறுப்பு. அவளிடம் இருந்தது அந்த ஒலி மட்டுமே.

1939-ல் மூன்றாவது படம் வந்தது. கார்லாஃப்தான் நடித்தார். ஜந்து திரும்பவும் ஊமையாகிவிட்டது.

பேசாததன்மேல் இரக்கப்படுவது சுலபம்; அது எதிர்த்துக் கேட்பதில்லை. இத்தனை வருஷம் நான் செய்துவந்த ரசனை அதுதான்.